ஆண்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவு: கையேட்டை விட்டு வேறெதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "மகனுக்கு ஜனவரியில் தரம் 1. கொழும்பில் ஒரு ஆண்கள் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் தந்த கையேட்டில் நேர்மை, மரியாதை, ஒழுக்கம், சகோதரத்துவம், சேவை என்று ஐந்து விழுமியங்கள் போட்டிருக்கிறார்கள். நடைமுறையில் இதெல்லாம் உண்டா, எப்படித் தெரிந்துகொள்வது? பெண்பிள்ளைகளே இல்லாத இடத்தில் வளர்ந்தால் பிள்ளை முரடனாகிவிடுவானோ என்று என் மனைவிக்கு ஒரு பயம்."

கொழும்பில் தமிழ்மொழி மூல ஆரம்பப் பிரிவுகளில் நீண்ட காலம் படிப்பித்தவள் நான். அந்த ஐந்து சொற்களை வைத்து எந்தப் பாடசாலையையும் எடைபோட முடியாது. எல்லோரும் அதையேதான் எழுதுவார்கள்; பொய்யும் புரட்டும் எங்கள் விழுமியங்கள் என்று யார் அச்சடிக்கப் போகிறார்கள்? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வெல்லாத பையனை அந்த இடம் எப்படி நடத்துகிறது? ஓட்டத்தில் கடைசியாக வருபவன், வாசிக்கும்போது திக்குபவன், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டவன். அவன் காலையில் மனச்சுணக்கம் இல்லாமல் பாடசாலை வான் வண்டியில் இருந்து இறங்கி உள்ளே ஓடுகிறான் என்றால் கையேட்டில் எழுதியிருப்பதை நம்பலாம்.

பாடசாலையின் பெயரும் வரலாறும் இதற்குப் பெரிதாக உதவாது. கொழும்பில் பழம்பெரும் ஆண்கள் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. ரோயல் கல்லூரியின் தொடக்கம் 1835. கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் 1865, வெஸ்லி 1874, மருதானை ஸாஹிரா 1892. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி 1951இல் பிள்ளையார் பாடசாலையாகத் தொடங்கியது. டி. எஸ். சேனநாயக்க கல்லூரி 1967. ஒவ்வொன்றுக்கும் ஒரு மகுட வாசகம், ஒரு கொடி, ஒரு கீதம். ரோயலின் வாசகம் "கற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு" என்று பொருள்படும் லத்தீன் வரி. சப்பாத்து நாடா கட்டத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது பெரிய பிள்ளைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் உரியது. சின்னவர்களுக்குப் பாடசாலை என்றால் ஒரு வகுப்பறை, ஒரு மிஸ், பக்கத்தில் இருப்பவன், இடைவேளை மணி. விழுமியம் என்று ஏதாவது அவர்களுக்குள் போவதானால் இந்த நாலு வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் நாளே எல்லோரும் சமமாக வந்து இருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதி ஒரு கணக்கின்படி நடக்கிறது. பாதி இடம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்று வந்தோர், வெளிநாட்டில் இருந்து திரும்பியோர் என்று பிரிகிறது. அப்படியென்றால் வகுப்பில் சில பிள்ளைகள் பாடசாலைக் கீதத்தை வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். அண்ணன் எந்த இல்லம் (விளையாட்டுக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கும் அணி), அப்பா எந்த வருடம் கிரிக்கெட் ஆடினார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இன்னொரு பையனுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. நல்ல வகுப்பாசிரியர் முதல் மாதத்திலேயே இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் கலந்து இருத்துவார். சில இடங்களில் "எங்கட ஓல்ட் போயின் மகன்" என்று தனிக் கவனிப்பு நடக்கும். பிள்ளைகள் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

வகுப்புத் தலைவன், அதாவது மொனிட்டர், எப்படித் தெரிவாகிறான் என்று கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டு எல்லோருக்கும் அந்தச் சின்ன பட்ஜ் போய்ச் சேருகிறதா, அல்லது சத்தமாகப் பேசும் ஒரு கெட்டிக்காரனே வருடம் முழுக்க நிற்கிறானா? வாய் திறக்காத ஒரு பிள்ளை மொனிட்டராக இருந்த வாரத்தில் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்று "எல்லாரும் கொப்பியை எடுங்கோ" என்று சொன்னதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முறை வராவிட்டால் அவன் தரம் 5 முடியும்வரை அப்படி நின்றிருக்க மாட்டான்.

இனி உங்கள் மனைவியின் பயம். நியாயமான பயம்தான், ஆனால் நான் கண்டது கொஞ்சம் வேறு. கலவன் பாடசாலையில் கூட்டுகிற வேலை, கோலம் போடுகிற வேலை, பூக் கட்டுகிற வேலை, பாட்டுப் பாடுகிற வேலை எல்லாம் தானாகவே பெண்பிள்ளைகளின் தலையில் விழும். ஆசிரியர்களே அறியாமல் அப்படிப் பிரித்துவிடுவார்கள். ஆண்கள் பாடசாலையில் தள்ளிவிட ஆள் இல்லை. தும்புத்தடியைப் பிடிக்க வேண்டியவனும் அவன்தான், வாணி விழாவுக்குக் கும்பத்துக்குப் பக்கத்தில் விளக்கேற்ற வேண்டியவனும் அவன்தான், நாடகத்தில் ஔவையாராகச் சேலை கட்ட வேண்டியவனும் அவன்தான். வீட்டில் ஒரு கோப்பைகூடக் கழுவியிராத பையன்கள் தங்கள் வரிசைக்குக் கீழே கிடக்கும் பென்சில் சீவலைக் குனிந்து கூட்டி அள்ளுவார்கள். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுவார்கள், அது வேறு கதை.

ஆனால் இது நடப்பது பிள்ளைகளே கூட்டும் வகுப்பில்தான். பெற்றோர் காசு சேர்த்து வகுப்பைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருக்கும் இடங்கள் இப்போது கூடிவிட்டன. கழிப்பறைக்கு ஆள் வைப்பது சரி, அது சின்னப் பிள்ளைகளின் வேலை இல்லை. தன் மேசைக்குக் கீழே இருப்பதை அள்ளவும் ஆள் வைத்தால், கையேட்டில் 'சேவை' என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் என்ன?

முரட்டுத்தனம் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இடைவேளையில் தள்ளுமுள்ளு உண்டு, பட்டப்பெயர் உண்டு. குண்டு, கறுப்பு, திக்குவாய் எல்லாம் பெயராகிவிடும். கொழும்பு வகுப்பறையில் இன்னொன்றும் சேரும். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் வீட்டுப் பேச்சு, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளையின் தட்டுத்தடுமாறும் தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். ஒருவன் பேசியதும் மற்றவன் சிரிப்பான். அப்போது மிஸ் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தால் அந்தப் பிள்ளை பிறகு வாய் திறக்க மாட்டான்.

அழுகையையும் கவனியுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்ற வசனத்தை ஆண்கள் பாடசாலைகளில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கலாம். ஆரம்பப் பிரிவுகளில் ஆசிரியர்கள் அநேகமாகப் பெண்கள். ஆனாலும் இதைச் சொல்வது பெரும்பாலும் நாங்கள்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் அழத்தான் செய்வான். அழுகிறவனைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருத்தி, தண்ணீர் குடிக்க வைத்து, அப்புறம் என்ன நடந்தது என்று கேட்கும் ஆசிரியர் இருக்கும் வகுப்பில் அடிதடியும் குறைவாக இருக்கும். அழ விடாத வகுப்பில் அது கையால்தான் வெளியே வரும்.

பிரம்பு விஷயத்தில் மழுப்ப எதுவும் இல்லை. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. "ஆம்பிளைப் பிள்ளைகள், ரெண்டு போட்டால்தான் சரிவரும்" என்று சொல்லும் ஆசிரியர் இன்னும் இருக்கிறார். "நல்லாப் போடுங்கோ மிஸ், நாங்க ஒன்றும் சொல்ல மாட்டோம்" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் முதலாவது ஆளுக்குத் துணிவு வராது. நீங்கள் அந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்தாலே போதும்.

சமயப் பாட நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம். எங்கள் கல்வி முறையில் சமயம் கட்டாயப் பாடம். மணி அடித்ததும் ஒரே வகுப்பு மூன்று நான்காகப் பிரியும். சைவநெறிப் பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் அடுத்த அறைக்கு, இஸ்லாம் பிள்ளைகள் மேல் மாடிக்கு. பாடம் முடிந்ததும் திரும்பி வந்து அதே கதிரையில் இருப்பார்கள். பிரிந்து போவதும் திரும்பி வருவதும் அவர்களுக்கு ஒரு சாதாரண விஷயமாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய பாடம் எந்தக் கொப்பியிலும் இல்லை என்று நினைக்கிறேன். சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரு சமயத்துக்கு இரண்டே இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது. அவர்களுக்கென்று ஆசிரியர் இல்லை என்று சொல்லி அந்த இரண்டு பேரையும் பின்வரிசையில் சும்மா இருத்திவிடுவார்கள். உங்கள் பிள்ளை எந்தச் சமயம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

விழாக்களும் அப்படித்தான். பொங்கல், வாணி விழா, ஒளி விழா, மீலாத் விழா என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வரும். யாருடைய விழாவோ அவர்கள் மேடையில், மற்றவர்கள் கீழே இருந்து கைதட்டுவது ஒரு முறை. கதிரை தூக்குவதில் இருந்து வரவேற்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூசையில் நிற்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. நிற்காததற்காக அவனை வெளியாளாகவும் ஆக்கக் கூடாது. வாணி விழாவில் அவித்த கடலை பங்கிடும்போது "பூசையில் வைத்ததா, வைக்காததா" என்று இரண்டு பாத்திரமாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மிஸ்ஸை எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்து அவர் அப்படிச் செய்யவில்லை.

விளையாட்டுப் போட்டிக்கு வருவோம். இல்லங்களாகப் பிரித்து, கொடி பிடித்து, அணிநடை, உடற்பயிற்சிக் காட்சி, இல்ல அலங்காரம் என்று தை, மாசி வெயிலில் நடக்கும் கூத்து அது. ஆரம்பப் பிரிவில் தேசிக்காய் ஓட்டம், சாக்கு ஓட்டம், தவளைப் பாய்ச்சல் எல்லாம் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியாவது இருக்கிறதா, அல்லது தெரிவுப் போட்டி வைத்து ஓடக்கூடியவர்களை மட்டும் எடுத்துவிட்டு மிச்சப் பேரைக் கொட்டகைக்குள் இருத்திக் கத்த விடுகிறார்களா? முதல் வகைப் பாடசாலையில் கடைசியாக வரும் பிள்ளையும் நாடாவைத் தொடும்வரை ஆசிரியர் நிற்பார். இரண்டாம் வகையில் மூன்றாவது ஆள் வந்ததும் நாடாவைச் சுருட்டி, அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதிவிடுவார்கள். நான்காவதாக ஓடி வருகிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல் பிந்திவிட்டது, பிரதம விருந்தினர் காத்திருக்கிறார் என்று காரணம் சொல்வார்கள். பிரதம விருந்தினருக்கு இன்னொரு சோடா கொடுக்கலாம், அவர் காத்திருப்பார்.

சிங்கள மொழிமூலமும் தமிழ் மொழிமூலமும் ஒரே பாடசாலையில் இருந்தால் (ரோயல், டி. எஸ். சேனநாயக்க, இசிப்பத்தன போன்ற இடங்களில் அப்படித்தான்) இந்த இல்ல முறைக்கு இன்னொரு பெறுமதி இருக்கிறது. வகுப்பறைகள் வேறு வேறு; ஒரே சீருடை போட்டுக்கொண்டு ஐந்து வருடம் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே போய்விடலாம். இல்லம் மட்டும்தான் இரண்டு பக்கத்தையும் கலக்கிறது. அங்கேயும் அறிவித்தல் எல்லாம் சிங்களத்தில் மட்டும் நடந்தால் எங்கள் பிள்ளைகள் ஓரமாக நின்று, மற்றவன் எங்கே போகிறானோ அவன் பின்னாலே போவார்கள். தமிழ்ப் பிரிவில் இருந்து ஒரு ஆசிரியர் ஒவ்வொரு இல்லத்துக்கும் பொறுப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் நீங்களும் கொஞ்சம் சிங்களம் பழக்கி விடுங்கள். பந்து கேட்கவும் சண்டை தீர்க்கவும் போதுமான அளவு இருந்தால் காணும். பையன்கள் மிச்சத்தை மைதானத்தில் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தரம் 1 முதல் 3 வரை பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றும் கலந்த வகுப்பறை வந்தது. சின்ன வகுப்பில் விளையாட்டு கூடுதல், மேலே போகப் போக மேசை வேலை கூடுதல். திட்டம் நல்ல திட்டம். ஆனால் தரம் 4இன் நடுப்பகுதியில் காற்று மாறும். புலமைப்பரிசில்!

இந்தப் பரீட்சை எதற்கு வந்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. வசதி குறைந்த, படிக்கக்கூடிய பிள்ளைக்கு உதவிப்பணமும், தரம் 6இல் ஒரு நல்ல பாடசாலையில் இடமும் கொடுப்பதற்குத்தான் அது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்து எண்ணம். கிராமத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இன்றைக்கும் அது ஒரு கதவு. உங்கள் மகனோ தரம் 13 வரை இருக்கும் பாடசாலையில் ஏற்கெனவே உள்ளே இருப்பவன். அவனுக்கு இடம் தேட வேண்டியதில்லை. உதவிப்பணத்துக்கு வருமான எல்லை இருப்பதால் நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் பெரும்பாலும் கிடைக்காது. அப்படியிருந்தும் கொழும்பில் இந்தப் பரீட்சைக்காக நடக்கும் பாட்டைப் பாருங்கள். காலையில் பாடசாலை, பின்னேரம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு டியூசன், சனி ஞாயிறு இன்னொன்று, இரவில் கடந்தகால வினாத்தாள். பத்து வயதுப் பிள்ளை 200க்கு எத்தனை எடுத்தான் என்பது சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிடுகிறது.

பாடசாலையின் சகோதரத்துவம் உடைவதும் இங்கேதான். வகுப்பைப் புள்ளிப்படி பிரித்து 'கெட்டிக்கார வகுப்பு' ஒன்றை உண்டாக்குவார்கள். மூன்று வருடம் ஒன்றாக இருந்த பையன்கள் இரண்டு அறையாகிவிடுவார்கள். சங்கீதம், சித்திரம், குருளைச் சாரணர் எல்லாம் 'பரீட்சை முடியட்டும்' என்று நிறுத்தப்படும். முடிவு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படம் பதாகையில் வாசலில் தொங்கும். தாண்டாதவன் அந்தப் பதாகைக்குக் கீழால் தினமும் உள்ளே போக வேண்டும். நான் வேலை செய்த ஓரிடத்தில் தாண்டியவர்களுக்கு மட்டும் விருந்து வைத்தார்கள். மிச்சப் பிள்ளைகள் அன்றைக்கு வரவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. அந்த மண்டபத்தின் சுவரில் 'சகோதரத்துவம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

இன்னொரு இடத்தில் அதிபர் பதாகை கட்டவே விடவில்லை. தரம் 5 பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் பிரியாவிடை, எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். பெற்றோர் சங்கத்தில் பெரிய சண்டை வந்தது. "எங்கட பிள்ளை கஷ்டப்பட்டுப் படிச்சது, அதைக் காட்டக் கூடாதா?" என்று கேட்டார்கள். அதிபர் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் பாடசாலையில் போன வருடம் முடிவு வந்தபோது என்ன நடந்தது என்று விசாரியுங்கள். ஐந்து விழுமியங்களுக்கும் பதில் அதில் கிடைக்கும்.

பெற்றோர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கொழும்புப் பாடசாலையின் சமூக வாழ்க்கை என்பதில் பாதி நீங்கள்தான். வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வகுப்புப் பெற்றோர் வட்டம் எல்லாம் வரும். வகுப்புக்கு மின்விசிறி, திரைச்சீலை, அலுமாரி என்று காசு சேர்ப்பார்கள். சேர்ப்பது பிழையில்லை; அரசாங்கம் எல்லாவற்றையும் தருவதில்லை. ஆனால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலைக் குழுவில் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அது மிக மோசமானது. அந்தப் பட்டியல் அடுத்த நாளே பிள்ளைகளின் வாய்க்குப் போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது கொப்பி, சப்பாத்து விலை ஏறிய விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நேரம் சில வகுப்புகளில் அளவு சின்னதாகிப்போன சீருடையையும் சப்பாத்தையும் பெயர் சொல்லாமல் ஒரு பெட்டிக்குள் போடவும், தேவையானவர் பெயர் சொல்லாமல் எடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பாக இருந்த தாய்மார் இரண்டு பேர், யார் எடுத்தார்கள் என்று ஒரு நாளும் கதைக்கவில்லை.

பிறந்தநாள் கேக் பிரச்சினையும் உண்டு. ஒருவர் கப் கேக்கில் தொடங்கினால் அடுத்தவர் பரிசுப் பையில் போய் நிற்பார். சில பாடசாலைகள் ஆளுக்கு ஒரு டொஃபி மட்டும் என்று விதி வைத்திருக்கின்றன. நல்ல விதி. உங்கள் பாடசாலையில் இல்லாவிட்டால் முதலாவது பெற்றோர் கூட்டத்தில் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பழைய மாணவர்கள், பெரிய போட்டி பற்றியும் ஒரு சொல். ரோயலுக்கும் கல்கிசை பரி. தோமாவுக்கும் இடையிலான கிரிக்கெட் 1880இல் இருந்து நடக்கிறது. மற்றப் பாடசாலைகளுக்கும் அவரவர் போட்டி உண்டு. மார்ச் மாதம் வந்தால் கொடியும் பப்பரே எனும் ஊதுவாத்திய இசையுமாகத் தெரு குலுங்கும். சின்னவர்களுக்கு அந்தப் பெருமை தேவைதான், ஒரு இடத்துக்கு உரியவன் என்ற எண்ணத்தை அது தரும். மற்றப் பாடசாலையைக் கேலி செய்யும் பாட்டை ஆறு வயதில் பாடமாக்குவது மட்டும் தேவையில்லை. அதைப் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது அப்பாமார்தான்!

ஜனவரிக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாடசாலை விடும் நேரத்துக்கு ஒரு நாள் வாசலில் போய் நில்லுங்கள். வெளியே வரும் பையன்கள் காவலாளியோடும் வான் சாரதியோடும் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சின்னவன் ஒருவனின் தண்ணீர்ப் போத்தல் விழுந்து உருண்டால் பெரியவன் உதைக்கிறானா, எடுத்துக் கொடுக்கிறானா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். அங்கே தரம் 4, 5 பிள்ளைகளின் பெற்றோரும் நிற்பார்கள். புலமைப்பரிசில் முடிவு, விளையாட்டுப் போட்டி பற்றி அவர்களிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு, பின்னேரம் வந்ததும் "இன்றைக்கு என்ன படிச்சாய்?" என்று தொடங்க வேண்டாம். யாரோடு சாப்பிட்டான், யார் வரவில்லை, யார் அழுதான் என்று கேளுங்கள். முதல் தவணை முடியும்வரை பிள்ளை கொஞ்சம் திணறுவது வழமை. அதற்குப் பிறகும் காலையில் வயிற்றுவலி சொல்கிறான் என்றால் முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். சரிவராவிட்டால் பகுதித் தலைவர், அதற்கும் பிறகுதான் அதிபர். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே போன விஷயம் இரவுக்குள் இன்னொரு பிள்ளையின் பெயரோடு திரும்பி வரும்.